பழைய பெட்டிக்கு ஒரு வருஷம்

தெருப் பையன் காமில் சார்ஜாவிலிருந்து லீவில் வந்து இறங்கிய அன்று, சாயங்கால அசர் தொழுகைக்குள்ளாகவே லப்பைக்குடிக்காட்டில் பள்ளிவாசல் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. சமீராவுக்கு அவள் புருஷன் அவன் கையில் கொடுத்தனுப்பிய லேப்டாப் வந்திருக்கிறது. புத்தம்புதுசு. டேப் பிரிக்காத அட்டைப்பெட்டி.

ரஹ்மத் நிசாவுக்கு இதை ஒருத்தர் வந்து சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அவளும் சமீராவும் ஓரகத்திகள். அண்ணன் சாகுல் ஹமீதுக்கு வாக்கப்பட்டவள் ரஹ்மத். தம்பி அத்னானுக்கு வாக்கப்பட்டவள் சமீரா; புருஷன்மார் இரண்டு பேரும் சார்ஜாவில். மாமியார் மௌத்தான பிறகு வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். கிணறும் கொல்லையும் மட்டும் பொது. சுவர் என்றால் என்ன பெரிய சுவர், ஆள் உயரம்கூட இல்லை. அந்தப் பக்கம் காமில் கத்தரிக்கோல் கேட்டது இந்தப் பக்கம் கேட்டது. டேப்பைக் கிழித்தது கேட்டது. "யா அல்லா, எவ்ளோ மெல்லிசா இருக்கு!" என்று தெருப் பொம்பளைகள் வாயைப் பிளந்தது கேட்டது. ரஹ்மத் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது, மகள் இஃப்பத் வந்து சட்டியைப் பிடுங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மூடுவானேன்? ரஹ்மத் கெட்டவள் இல்லை. ஐந்து வேளை தொழுகிறவள். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் கஞ்சி தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போவாள். சமீரா விஷயம் என்று வந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. சமீரா பத்து வயது சின்னவள். நிறமும் கூட ஒரு பிடி தூக்கல். வந்த நாளிலிருந்து அவளுக்கு வருவதெல்லாம் புதுசு. ரஹ்மத்துக்கு வருவதெல்லாம் யாரோ புழங்கியது. இஸ்திரிப்பெட்டி அப்படி, மிக்ஸி அப்படி, இப்போது லேப்டாப்.

ரஹ்மத்திடமும் லேப்டாப் இருந்தது. சாகுல் ஹமீதுக்குச் சார்ஜாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஆபீஸில் பழைய லேப்டாப்புகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்து, போன வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கறுப்பாக, தூக்கினால் கை வலிக்கிற கனத்தில் இருக்கும். மூடியில் கம்பெனி ஒட்டிய நம்பர் ஸ்டிக்கரைத் தேங்காயெண்ணெய் போட்டுச் சுரண்டியும் பாதி போகவில்லை. ஜரிகைக்கரை வைத்துத் துணி ஒன்று தைத்து அதன்மேல் போட்டு வைத்திருந்தாள். அந்தத் துணிக்குக் கீழே அந்தப் பெட்டி ஒரு வருஷமாக அவளுக்கு ராஜாவாகத்தான் இருந்தது, காமில் வந்து இறங்குகிற வரைக்கும்.

மறுநாள் சமீராவே கொல்லை வழியாக வந்தாள். கையில் தட்டு. தட்டில் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும். அக்கா முறை வைத்து ரஹ்மத்தை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னா லாத்தா, தெருவே வந்து பாத்துட்டுப் போவுது. நீங்க மட்டும் எட்டிப் பாக்கல?"

"எனக்கு வேலை இருந்துச்சு சமீரா. மொளகா காய வச்சிருக்கேன்ல."

"மூணு வருஷ கேரண்டியாம் லாத்தா. கெட்டுப்போச்சுன்னா நாம தூக்கிட்டு அலைய வேணாமாம். திருச்சியிலேர்ந்து இன்ஜினியரே வூட்டுக்கு வந்து பாப்பாராம்."

"அப்படின்னா கெட்டுப்போவும்னு அவனுவளுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் ரஹ்மத்.

சமீரா சிரித்தாள். அவள் சிரிப்பில் ஏதோ குறைந்தது. ரஹ்மத்துக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. மூணு வருஷ கேரண்டி, வீட்டுக்கு வரும் இன்ஜினியர் என்கிற இரண்டும் அவள் காதில் மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமைதான் சாகுல் ஹமீதைப் பார்க்கிற நாள். அங்கே ஜும்மா முடிந்து, ரூமில் சோறு தின்றுவிட்டு அவர் நெட் கடைக்கு வந்து உட்காரும்போது இங்கே மணி நாலாகிவிடும். இஃப்பத் பெரம்பலூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள்; அவள்தான் பெட்டியைத் திறந்து எல்லாம் செய்து கொடுப்பாள். பெட்டியில் படம் மட்டும் வரும். நெட்டில் பேசுவதற்கு அந்த ஊரில் தடை என்பதால், அவர் கார்டு போட்டு செல்லில் கூப்பிட்டுப் பேசுவார். உதடு முதலில் அசையும், பேச்சு பிறகு வரும். அல்லது பேச்சு வந்துவிடும், உதடு சும்மா இருக்கும். அந்த வருஷத்தில் எல்லார் வீட்டிலும் புருஷன்மார் இப்படித்தான் பேசினார்கள்.

"என்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் சாகுல்.

"பழைய பொட்டியில பாத்தா மூஞ்சி இப்படித்தான் தெரியும். சமீரா பொட்டியில மூக்குத்திக் கல்லு மினுக்கறதுகூடத் தெரியுதாம்."

"நல்ல வேளை ஞாபகப்படுத்துன. நம்ம பொட்டிக்குக் கேரண்டி இந்த மாசம் முப்பத்தொண்ணோட முடியுதுன்னு மெயில் வந்திருக்கு. முந்நூத்தம்பது திர்ஹம் கட்டினா இன்னும் ஒரு வருஷம் போட்டுத் தருவானாம். தேதி தாண்டிட்டா போட மாட்டானாம்."

"கட்டிருங்க."

"யோசிக்காம சொல்றியே. நோன்புக்கு முன்னாடி நான் கேன்சல் பண்ணிட்டு வரேன்னு பேசிருக்கோம்ல? நானே அங்க வந்துட்டா இந்தப் பொட்டி எதுக்கு, யாரு மூஞ்சியப் பாக்கறதுக்கு?"

கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். லீவு லீவாகச் சேர்த்துப் பார்த்தால் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷம் தேறாது. சாகுல் இதற்கு முன் இரண்டு தரம் கேன்சல் என்று கிளம்பியவர்தான். ஒரு தரம் வீடு கட்டும் வேலை மறித்தது, இன்னொரு தரம் தங்கச்சி கல்யாணம். இந்தத் தரம் திட்டக்குடி ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைப்பதாகப் பேச்சு. கடைக்கு இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆனால் மனுஷன் தானாக ஒரு முடிவு எடுக்கிறவர் இல்லை. "வந்துரவா?" என்று கேட்பார். இவள் "வாங்க" என்பாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் "வந்துரவா?" என்று அதையே கேட்பார்.

"சரி, நீயே முடிவு பண்ணு. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. உன் வாயால வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு, கார்டில் காசு தீர்ந்து போனை வைத்தார்.

இஃப்பத்துக்குக் கோபம். "அத்தாவே வரப்போறாரு. உனக்கு எதுக்கும்மா கேரண்டி?"

"அது இருக்கட்டும். சமீரா பொட்டிக்கு இருக்குல்ல?"

"அது புதுசு."

"அதான் சொல்றேன். புதுசுக்கே மூணு வருஷம் வேணும்னா பழசுக்கு எத்தனை வேணும்?"

இஃப்பத் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில், விவரம் தெரிந்தவர் ஒருத்தரிடம் பெட்டியைக் காட்டிக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றி, ரெக்ஸின் பையில் வைத்து, தாயும் மகளும் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார்கள்.

ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போனது. திருமாந்துறை தாண்டி மெயின்ரோட்டில் ஏறியதும் நாலுவழிச் சாலைக்காக வெட்டிப்போட்ட செம்மண் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது. ரஹ்மத் முந்தானையை எடுத்துத் தலைக்குப் போடாமல் பைக்குப் போட்டு மூடினாள். ரஞ்சன்குடியில் கோட்டை பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் கும்பலாக ஏறி நெருக்க, "யப்பா, கண்ணாடிச் சாமான், கண்ணாடிச் சாமான்" என்று கத்திக்கொண்டே வந்தாள். இஃப்பத் தெரியாதவள் போல இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் சிவசுப்பிரமணியனின் கம்ப்யூட்டர் கடை. நாற்பத்தைந்து வயசு, காதில் முடி, மேஜை முழுக்கத் திருகாணி. பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், மூடியை மேலும் கீழும் ஆட்டினார்.

"எத்தினி வருசத்துப் பொட்டிம்மா?"

"மூணு வருஷம் ஆச்சுங்க. ஆனா கைபடாம வச்சிருக்கோம். வாரத்துக்கு ஒரு நாள்தான் தொறக்கறது."

"அதான் தெரியுதே. ஃபேனுக்குள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு இருக்கு." அவர் பின்பக்கத்தைக் கழற்றி ஊதினார். மூவருக்கும் தும்மல் வந்தது. "கேரண்டிய நீட்டணுமான்னுதான கேக்கறீங்க? கேட்டுக்குங்க. பேட்டரிக்கு அவன் தரமாட்டான். அது தேயற சாமானும்பான். கீழ போட்டு ஒடைச்சா தரமாட்டான். தண்ணி பட்டா தரமாட்டான். எறும்பு பூந்துச்சுன்னா தரமாட்டான்."

"எறும்பு பூருங்களா?"

"நம்மூர்ல எதுல பூரல? டீயக் குடிச்சுக்கிட்டே தட்டறாங்க, சர்க்கரை சிந்துது, பூந்துருது."

"அப்ப எதுக்குத்தாங்க தருவான்?"

"உள்ள இருக்கற போர்டு தானாப் போச்சுன்னா தருவான். மூணு வருசம் போவாத போர்டு இந்த ஒரு வருசத்துல போவுமா போவாதா, அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனா ஒங்களுக்கு லாபம், போவலன்னா அவனுக்கு லாபம். அதுவும் இது அங்க வாங்குன பொட்டி. இங்க கொண்டாந்து குடுத்தா இழுத்தடிப்பான். என்னையக் கேட்டா, அந்தக் காசக் கையில வச்சுக்குங்க. ஏதாச்சும் போச்சுன்னா எங்கிட்ட வாங்க, பாத்துக்கலாம்."

ரஹ்மத்துக்கு மனசு ஆறவில்லை. "இல்லீங்க சார், ஒரு பாதுகாப்புக்கு..."

"இத வச்சு என்ன பண்றீங்க? கணக்கு வழக்கா?"

"வூட்டுக்காரரோட பேசறதுக்குங்க. சார்ஜாவுல இருக்காரு."

"இன்னும் எத்தினி நாளைக்குப் பேசணும்?"

இஃப்பத் முந்திக்கொண்டாள். "அத்தா நோன்புக்கு முன்னாடி கேன்சல்ல வந்துருவாரு சார். இன்னும் ரெண்டே மாசம்."

சிவசுப்பிரமணியன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆளே வந்துருவாராம். ரெண்டு மாசத்துக்கு எந்தப் புத்திசாலிம்மா ஒரு வருசத்துக்குக் கட்டுவான்?"

ரஹ்மத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நியாயம்தானே. ஆளே வரப்போகிறார். ஃபேனைத் துடைத்ததும் பெட்டி முனகுவதை நிறுத்தியிருந்தது. திரும்பும்போது வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்றுகொண்டே வந்தார்கள். வாலிகண்டபுரம் தாண்டுவதற்குள் வேண்டாம் என்று முடிவு எடுத்துவிட்டாள். அந்தக் காசுக்குக் கடைக்கு ஒரு கல்லாப்பெட்டி வாங்கலாம் என்றுகூடத் திட்டம் போட்டாள்.

அந்த நல்ல புத்தி புதன்கிழமை வரைக்கும்தான் நின்றது.

புதன்கிழமை காலையில் மிளகாய் அரைக்க மாவு மிஷினுக்குப் போய்விட்டு, கண்ணும் மூக்கும் எரிய வந்துகொண்டிருந்தாள். தெருவில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. சமீராவின் லேப்டாப்பில் ஏதோ ஒரு பட்டன் அமுங்கவில்லையாம். ஒரே ஒரு பட்டன். அதற்குத் திருச்சியிலிருந்து இன்ஜினியர் வந்துவிட்டார். கழுத்தில் டை கட்டியிருந்தார். ஆடிக்காற்றில் டை தோளுக்குப் பின்னால் போய்ப் பறந்தது; அதை இழுத்து இழுத்து முன்னால் விட்டுக்கொண்டே படியேறினார். தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் சமீரா வாசலில். உள்ளே சமோசாவும் சேமியா பாயசமும் போனது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்து வாசலுக்கு வந்த இன்ஜினியர், தெருவே கேட்கும்படி, "எதுன்னாலும் எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க மேடம். மூணு வருஷத்துக்கு எங்க பொறுப்பு" என்றார்.

மேடமாம். ரஹ்மத்தை இத்தனை வயசில் ஒருவனும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. காசு கொடுத்துப் பழுது பார்த்த இடத்திலும் "அம்மா"தான். பழைய சாமான் வைத்திருந்தால் அம்மா, புதுசு வைத்திருந்தால் மேடம். மிளகாய்த்தூள் டப்பாவோடு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நெஞ்சு காந்தியது. மிளகாய்க் காரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், அவளே நம்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாகுலுக்கு ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு; நெட் கடைக்கு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காமில் திரும்பிப் போகிற நாள். லீவு முடிந்து போகிறவன் தெருவுக்கெல்லாம் பொது. அவன் பையில் வீட்டுக்கு மூன்று கிலோ பொட்டலம் என்று கணக்கு. காமில் ரஹ்மத்துக்கு உறவில் தம்பி முறை. அதனால் அவள் முற்றத்து உத்திரத்தில்தான் தூக்குத் தராசு தொங்கும். ஒவ்வொருத்தராக வந்து பொட்டலத்தை மாட்டினார்கள். ஊறுகாய், கருவாடு, மல்லித்தூள், இருமலுக்கு லேகியம். சமீரா கொண்டுவந்தது மூன்றேகால் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அப்படியே போட்டுவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதிவைத்த வழக்கமில்லை. கேன்சலில் வரப்போகிற ஆளுக்கு மசாலா அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் கையளவு, மிச்ச நாளுக்கு மட்டும். ரஹ்மத்தும் முதலில் அரைக்கிலோதான் கட்டி வைத்திருந்தாள். சமீராவின் மூன்றேகாலைப் பார்த்த பிறகு உள்ளே போனாள். அரைத்த மிளகாய்த்தூள் பூராவும், மல்லித்தூள் பூராவும், நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து தராசில் மாட்டினாள். முள் மூன்றைத் தொட்டு நின்றது.

காமில் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்னா லாத்தா, மச்சான் ரெண்டு மாசத்துல வர்றாருன்னீங்க?"

"எங்க வூட்டுப் பங்கு மூணு கிலோதான? விட்டுக்குடுக்கணுமா?"

"அதுக்கில்ல." அவன் குரலைத் தணித்தான். "மச்சான் உங்கள ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிருக்காரு. அந்தப் பொட்டிக்கு ஒரு வருஷம் போடறதா வேணாமான்னு. நீங்க சொல்றதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்னாரு. நேத்து போன்லயும் அதையேதான் கேட்டாரு. ஒரு மாதிரியாத்தான் பேசுனாரு."

ரஹ்மத் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றுதான் வந்தது. வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டே எடுத்த முடிவு நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் சமீரா தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலு பொம்பளைகள் நின்றார்கள். பழைய பெட்டி, கேரண்டியும் போய்விட்டது, பாவம் என்று இந்த நாலு வாயும் நாளைக்குப் பேசாதா?

"போட்டே ஆவணும்னு சொல்லு" என்றாள் சத்தமாக. "எம்பொட்டிக்கும் ஒரு வருஷம் கண்டிப்பா வேணும். அதுல சுணங்கக் கூடாதுன்னு சொல்லு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க லாத்தா."

"யோசிச்சாச்சு தம்பி. நீ போயி நான் சொன்ன மாதிரியே சொல்லு."

காமில் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தான். ரஹ்மத் ஓரக்கண்ணால் சமீராவைப் பார்த்தாள். சமீராவின் முகம் சுண்டிக்கிடந்தது. அதைப் பார்த்ததும் ரஹ்மத்துக்கு நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகப் பசி எடுத்தது.

வியாழக்கிழமை காலை கிணற்றடியில் சமீரா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குனிந்திருந்தாள். ரஹ்மத் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனாள்.

"என்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல லாத்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூக்கு இப்படிச் செவந்து கெடக்கு?"

சமீரா சோப்பைப் போட்டுவிட்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க மேல எனக்குப் பொறாமை லாத்தா. சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொட்டி வந்த அன்னிக்கு எல்லாரும் மூணு வருஷம் மூணு வருஷம்னாங்க. எனக்கு அது நெஞ்சுல குத்துச்சு. அவரு போன்ல சிரிக்கிறாரு. கேரண்டியும் மூணு வருஷம், என் விசாவும் மூணு வருஷம், ரெண்டும் சேந்து முடியும், கவலப்படாதேங்கறாரு. நடுவுல லீவு கெடைக்குமான்னா, பாக்கலாம்ங்கறாரு. எனக்கு இருபத்தெட்டு வயசாவுது லாத்தா. கொழந்தைன்னு ஒண்ணு வேணாமா? மூணு வருஷம் அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டு நான் என்னா பண்றது? அந்தப் பட்டன்லகூட நானேதான் தண்ணிய ஊத்துனேன். கெட்டுத் தொலையட்டும்னு. அதுக்கும் ஒருத்தன் வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறான்."

ரஹ்மத் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பொட்டிய நீங்க ரெண்டு மாசத்துல மூடி வச்சிருவீங்க. அது பழசோ ஒடைசலோ, எனக்கு அதுதான் லாத்தா வேணும்."

ரஹ்மத் அவளைச் சேர்த்துப் பிடித்து, "அழாதடி, அல்லா இருக்கான்" என்று முதுகைத் தடவினாள். தடவிய கை பரிவுள்ள கைதான். ஆனால் உள்ளே, பொய் சொல்வானேன், அவளுக்குச் சர்க்கரை தின்றது மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் சமீரா அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. அன்று பூராவும் வீட்டுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வளையவந்தாள். அந்த ஒரு வருஷத்தைக் கட்டவேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இனி எதற்கு அது? யாருக்குக் காட்ட?

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டாள். நாலு மணிக்கு இஃப்பத் பெட்டியைத் திறக்க, சாகுல் ஹமீது முகம் தெரிந்தது. முடி வெட்டியிருந்தார். போன் அடித்தது.

"காமில் பத்தரமா வந்து சேந்தானா?"

"வந்துட்டான். மூணு கிலோ மசாலாவப் பாத்து ரூம்ல ஒரே சிரிப்பு. சாகுல் பாய்க்கு அடுத்த வருஷம் வரைக்கும் வந்துருச்சுன்னானுங்க." அவரும் சிரித்தார். பிறகு, "உன் மனசு எனக்குப் புரிஞ்சுது ரஹ்மத்" என்றார்.

"என்னா புரிஞ்சுது?"

"நீ வாயால சொல்லத் தயங்குற. கட ஓடுமோ ஓடாதோ, இஃப்பத்துக்கு மாப்பிள பாக்கணும், எனக்கு மட்டும் தெரியாதா? கேன்சல்ல வாங்க வாங்கன்னு நீ எனக்காகச் சொல்லிக்கிட்டு இருந்திருக்க. திங்கக்கிழம காமில் வந்து, ஒரு வருஷம் கண்டிப்பா வேணும்னு லாத்தா அடிச்சுச் சொல்லிட்டாங்கன்னான். பொட்டலத்தையும் பாத்தேன். செவ்வாக்கிழம மேனேஜர் கூப்புட்டு, போறியா இருக்கியான்னான். இருக்கேன்னுட்டேன்."

இஃப்பத்தின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது.

"நேத்து அடிச்சுக் குடுத்துட்டான்" என்றார் சாகுல்.

"என்னத்த?"

"விசாவ. மூணு வருஷம்."

"மூணு வருஷமா?"

"ஒரு வருஷத்துக்கு எவன் அடிக்கிறான்? அடிச்சா மூணுதான. பொட்டிக்கும் கட்டிட்டேன். ரசீது வந்துருச்சு."

ரஹ்மத் பெட்டிக்குக் கிட்டே குனிந்தாள். பெட்டிக்குள் அவர் முகம் இன்னும் சிரித்தபடியே இருந்தது. படம் பின்தங்கி வருகிறது. "ஐயோ, நான் பொட்டிக்குத்தாங்க கேட்டேன். உங்களக் கேக்கலங்க. சமீராகிட்ட இருக்கேன்னு கேட்டேன். அவ நின்னா பக்கத்துல. நாலு பேரு நின்னாங்க. வேற ஒண்ணுமே இல்லங்க. நீங்க வாங்க. கேன்சல் பண்ணிட்டு வந்துருங்க."

கார்டு தீர்ந்துவிட்டதோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்தினாள்.

"இப்ப ஒடைச்சுட்டு வந்தா சர்வீஸ் பணம் தரமாட்டான் ரஹ்மத். அது இல்லாம கட எங்கேருந்து வைக்கிறது?" என்றார் மெதுவாக. பிறகு, "அதுக்கா கேட்ட?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? நான் இங்க பாதித் துணிமணிய மூட்ட கட்டிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் லீவு பற்றி என்னவோ சொன்னார். ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ரஹ்மத் ம், ம் என்றாள். போன் அறுந்தது. பெட்டியில் அவர் குனிந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இஃப்பத் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரஹ்மத் கொல்லைப்படியில் வந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா? சமீரா முக்காடுகூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள்.

"என்னா லாத்தா, என்னா? பெரிய மச்சானுக்கு ஏதும் முடியலயா?"

"மூணு வருஷம் அடிச்சுட்டாங்களாம்டி. வரலயாம்."

"யா அல்லா!" சமீரா அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நிஜக் கண்ணீர். ஆனால் ரஹ்மத் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தபோது, அழுகைக்கு அடியில் வேறொன்று இருந்தது. நேற்றுக் காலை கிணற்றடியில் குமைந்துகிடந்த முகம் அப்படியே தெளிந்து இளகிப் போயிருந்தது. அது சமீராவுக்கே தெரியாது. ரஹ்மத்துக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இதே முகத்தை நேற்று பூராவும் அவள் வைத்துக்கொண்டு திரிந்தாளே.

"அழாதீங்க லாத்தா" என்றாள் சமீரா, மனசார. "நீங்களும் நானும் ஒண்ணாவே இருந்துக்கலாம்."

ரஹ்மத் அவள் கையைத் தட்டிவிடவில்லை. "நெய்ச்சோறு இருக்கு" என்றாள். "அப்படியே கெடக்கு. வா, வந்து தின்னு."